வெளிச்சம் நுழையும் சுவர்

ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸுக்கு வெள்ளரிக்காய் மேல் அப்படியொரு ஆசை. ஒருநாள்கூட அது இல்லாமல் அவருடைய சாப்பாட்டு மேசை இருந்ததில்லை என்று பிளினி எழுதிவைத்தார். கி.பி. 14 முதல் 37 வரை அரியணையில் இருந்தவர் அவர். ஸ்பெயின் முதல் சிரியா வரை அவர் வைத்ததுதான் சட்டம். குளிர்காலம் மட்டும் அந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. வெள்ளரி வெயிலில் படரும் கொடி. அது இப்போதைய சாலட் வெள்ளரி இல்லை, நீளமாக வளைந்து காய்க்கும் முலாம் இனத்து வெள்ளரி என்று இன்றைய தாவர ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எந்த வெள்ளரியானாலும் ஓர் இரவு உறைபனி போதும், கொடி கருகிவிடும். சக்கரவர்த்திக்கோ வருடம் முழுக்கக் காய் வேண்டும். இல்லை என்று சொல்லும் துணிச்சல் அரண்மனைத் தோட்டக்காரர்கள் யாருக்கும் இருக்கவில்லை.

அவர்கள் பாத்திகளைச் சக்கரம் வைத்த தொட்டிகளுக்கு மாற்றினார்கள். வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தொட்டி உருண்டது. குளிர் ஏறியதும் மறைவுக்குள் போயிற்று. மறைவுக்குள் போனால் வெளிச்சம் கிடையாது, வெளிச்சம் இல்லாத கொடி வெளுத்துச் சாகும். வெளியே விட்டால் குளிர் கொன்றது, உள்ளே வைத்தால் இருட்டு கொன்றது. காற்றைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் ஒரு சுவர் தேவைப்பட்டது. அப்படி ஒரு சுவர் உலகத்தில் எங்கே இருந்தது?

ஸ்பெயின் நாட்டு மண்ணுக்கடியில் இருந்தது. செகோப்ரிகா என்ற ஊரைச் சுற்றியிருந்த சுரங்கங்களில் ஜிப்சத்தின் ஒரு வகைக் கல்லை வெட்டி எடுத்தார்கள். விளிம்பில் கத்தியை நுழைத்தால் அது ஏடு ஏடாகப் பிரிந்தது. ஒவ்வோர் ஏட்டிலும் வெளிச்சம் ஊடுருவியது. அந்த ஏடுகளைச் சட்டங்களில் பதித்துத் தொட்டிகளின் மேல் மூடினார்கள். வெயில் உள்ளே புகுந்து மண்ணைச் சுடவைத்தது. சூடான காற்று எழுந்து ஓட இடமில்லாமல் அங்கேயே தங்கியது. குளிர்காலத்திலும் திபேரியஸின் தட்டுக்கு வெள்ளரி வந்தது. பிறகு வந்த பணக்காரர்கள் வெந்நீரின் சூட்டில் வசந்தகாலப் பூக்களைக் குளிரில் பூக்கவைத்தபோது, தத்துவஞானி செனேகா அதை இயற்கைக்கு விரோதமான வாழ்க்கை என்று கடிந்துகொண்டார். அவர் கடிந்ததால் எதுவும் நிற்கவில்லை. பேரரசு சரிந்தபோதுதான் ஐரோப்பா அந்தத் தொட்டிகளை மறந்தது. அந்த யோசனை நுணுக்கமாக எழுத்தில் ஏறியது, ரோமிலிருந்து சுமார் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறொரு ராஜாவின் அரண்மனையில்.

1450-களின் கொரியா. ஜோசன் வம்சத்தின் அரச மருத்துவர் ஜொன் சுன்-உய், சமையலையும் விவசாயத்தையும் சேர்த்துச் ‘சான்கா யோரோக்’ என்றொரு நூல் எழுதினார். அதில் குளிர்காலத்தில் காய்கறி வளர்க்க ஓர் அறை கட்டும் முறையைச் சொன்னார். மூன்று பக்கம் மண்சுவர். தெற்குப் பக்கம் முழுக்கச் சட்டம் அடித்து, எண்ணெய் தடவிய காகிதம் ஒட்ட வேண்டும். தரைக்கடியில் அடுப்புப் புகை ஓடும் கால்வாய். கொரிய வீடுகளில் மனிதர்கள் படுத்துறங்க வைத்திருந்த அதே ‘ஒந்தோல்’ ஏற்பாடு. அதன் மேல் ஒன்றரை அடி மண். ஒரு கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியை உள்ளே அனுப்ப வேண்டும். கல் ஏடு இல்லாத நாட்டில், கண்ணாடியும் இல்லாத நாட்டில், எண்ணெய்க் காகிதம் சுவராயிற்று. எண்ணெய் ஊறிய காகிதம் வெளிச்சத்தை விட்டது, மழையில் கரையவில்லை, காற்றையும் தடுத்தது. வேர்ச் சூடு, காற்றின் ஈரம், தெற்கு வெயில் மூன்றையும் ஒரே அறைக்குள் கணக்குப் பார்த்து வைத்த அந்த மருத்துவரின் அறிவு இன்று படித்தாலும் வியக்கவைக்கிறது.

1471 குளிர்காலத்தில் அரண்மனைத் தோட்டக்காரர்கள் பருவமில்லாமல் பூத்த செடியைக் கொண்டுவந்து நீட்டியபோது, சொங்ஜோங் ராஜா முகம் சுளித்தார். மனிதன் வலிந்து பூக்கவைத்த பூ தனக்குப் பிடிக்கவில்லை, இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்றார். செனேகாவின் வார்த்தை கொரியாவில் ஒலித்த மாதிரி இருந்தது. ஜொன் சுன்-உய்யின் நூலோ ஏதோ ஒரு பழங்காகிதக் கட்டுக்குள் போய் முடங்கியது. யார் கண்ணிலும் படாமல் ஐந்நூறு வருடங்களுக்கு மேல் அது காத்திருந்தது.

இதற்கிடையில் பிரான்ஸில் மூன்றாவது ராஜா. பதினான்காம் லூயிக்கு வெர்சாய் அரண்மனைக்கருகில் சமையலறைத் தோட்டம் வேண்டியிருந்தது. 1678-இல் வேலை தொடங்கியது. கிடைத்த இடமோ ‘நாற்றக் குளம்’ என்று ஊரார் அழைத்த சதுப்பு. ழான் பத்தீஸ்த் த லா கென்தினி என்ற வக்கீல் படிப்புப் படித்த தோட்டக்காரர் அதை மேடாக்கி, மதில் எழுப்பி, 1683-இல் முடித்தார். அவருடைய ரகசியம் அரச லாயத்தில் இருந்தது. புதுக் குதிரைச் சாணத்தை வைக்கோலோடு சேர்த்துக் குவித்தால், அது நொதித்துத் தானாகவே கொதிக்கும். அந்தக் குவியலின் மேல் மண் போட்டு, விதைத்து, கண்ணாடிச் சட்டங்களாலும் மணி வடிவக் கண்ணாடி மூடிகளாலும் மூடினார். ராஜாவுக்கு டிசம்பரில் அஸ்பாரகஸ் தண்டு வந்தது, ஜனவரியில் லெட்யூஸ் கீரை வந்தது, மார்ச்சில் ஸ்ட்ராபெரி வந்தது. பிரான்ஸ் விவசாயிகள் அந்தக் குளிர்காலங்களில் ரை தானிய ரொட்டியும் முட்டைக்கோஸும் தின்று நாளைத் தள்ளினார்கள். கண்ணாடி அவர்கள் கைக்கு எட்டும் பொருளாக இல்லை. எட்டியிருக்க வேண்டிய இன்னொரு நாட்டில், அரசாங்கமே குறுக்கே வந்து நின்றது.

இங்கிலாந்து பாராளுமன்றம் 1745-இல் கண்ணாடிக்கு வரி போட்டது. எடைக்கு இவ்வளவு என்று வரி. கண்ணாடி கனமாக இருந்தால் வரி ஏறியது, மெலிந்தால் உடைந்தது. தோட்டத்துக்குச் சின்னச் சின்னத் துண்டுகளை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இடுக்கு வழியே குளிர் புகுந்தது, மழை ஒழுகியது. பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களில் மட்டும் கண்ணாடிக் கூடங்கள் எழுந்தன. அவற்றில் கீரையா வளர்ந்தது? அன்னாசி வளர்ந்தது, ஆரஞ்சு வளர்ந்தது, விருந்தாளிகளிடம் காட்டிப் பெருமைப்படத் தக்கது எல்லாம் வளர்ந்தது. இப்படியே நூறு வருடம் போயிற்று. அந்த நூறாவது வருடம் நெருங்கும்போது ஒரு விவசாயி மகன் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

ஜோசப் பாக்ஸ்டன் 1826-இல், 23 வயதுகூட நிறையாத வயதில், சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஆனார். அங்கே 1836-இல் தொடங்கி அவர் எழுப்பிய கண்ணாடிக் கூடம் 277 அடி நீளம், 67 அடி உயரம். உள்ளே குதிரை வண்டியே போய்வர முடிந்தது. எட்டுக் கொதிகலன்கள் எரிந்தன. சூடான தண்ணீர் மைல் கணக்கான குழாய்களில் ஓடியது. நிலக்கரி வர பூமிக்கடியில் தண்டவாளமே போட்டார்கள். 1845-இல் கண்ணாடி வரி ஒழிந்தது. ஐந்து வருடம் கழித்து ஒரு ரயில்வே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, மையொற்றித் தாளில் பாக்ஸ்டன் ஒரு படம் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல்தான் 1851-இல் லண்டனில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகளோடு எழுந்த ஸ்படிக மாளிகை. உலகக் கண்காட்சிக்கு வந்த ஜனங்கள் ஒரு தோட்டக்கூடத்துக்குள்தான் நடந்தார்கள். பாக்ஸ்டனுக்கு அதோடு திருப்தி வரவில்லை. 1858-இல், சாதாரணக் குடும்பங்களும் வாங்கிப் பூட்டிக்கொள்ளத் தக்க சிறிய மடக்குக் கூடத்துக்குக் காப்புரிமை வாங்கினார். லட்சக்கணக்கானவர்களுக்கு என்று சொல்லியே அதை விற்றார்கள். கண்ணாடி மலிந்துவிட்டது, தோட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் கதை அங்கே முடியவில்லை, காரணம் நெருப்பு.

கண்ணாடி வெப்பத்தை வெகுவேகமாக இழக்கும் பொருள். பகலில் சேர்ந்த சூடு இரவில் போய்விடும். உறைபனி நாட்டில் கொதிகலன் அணைந்த மறுநாள் காலை, உள்ளே இருந்தது செத்த செடிகள். முதல் உலகப்போரில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. சாட்ஸ்வொர்த் தோட்டக்காரர்கள் போர்முனைக்குப் போனார்கள். பாக்ஸ்டனின் மாபெரும் கூடம் குளிர்ந்தது, உள்ளே இருந்த வெப்பமண்டலச் செடிகள் அழிந்தன. 1920-இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரே வெடியில் விழவில்லை. திரும்பத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. இரும்பும் கண்ணாடியும் அத்தனை உறுதியாக நின்றிருந்தன. அதைக் கொன்றது நிலக்கரிக் கணக்கு.

பாரிஸ் நகரத்து விளிம்பில் இருந்த தோட்டக்காரர்களோ நிலக்கரியைத் தொடாமலே சமாளித்தார்கள். நகரம் முழுக்கக் குதிரைகள், தினமும் மலைபோல் சாணம். லா கென்தினி ராஜாவுக்குச் செய்ததை அவர்கள் சந்தைக்குச் செய்தார்கள். குளிர்காலப் பாரிஸ் அவர்களுடைய லெட்யூஸையும் முள்ளங்கியையும் தின்றது. ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளைக் காலையில் ஒரு பக்கம் சற்றே தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்துக் காற்று விட்டு, மாலையில் இறக்கி மூடினார்கள். கடுங்குளிர் இரவில் மேலே வைக்கோல் பாய் விரித்தார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைத்தது. பிறகு தெருவில் மோட்டார் கார் வந்தது. குதிரை போனது, கூடவே சாணமும் போனது, அதோடு அந்தப் பிழைப்பும் போனது. குளிர்காலக் காய்கறிக்கு வேறொரு சுவர் தேவைப்பட்டது. அதற்கான முதல் துளி, தோட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு ரசாயனக் கூடத்தில் விழுந்தது.

1933 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் நார்த்விச்சுக்கு அருகே இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்ஸனும் எத்திலீன் வாயுவை பென்சால்டிஹைடோடு சேர்த்து, ஏறத்தாழ இரண்டாயிரம் வளிமண்டல அழுத்தத்தில் அடைத்துவிட்டு வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போனார்கள். கலன் எங்கோ கசிந்தது. திங்கட்கிழமை திறந்து பார்த்தபோது அவர்கள் எதிர்பார்த்த பொருள் இல்லை. கலனின் ஓரத்தில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அரை கிராம்கூடத் தேறவில்லை. கிப்ஸன் அதை நோட்டில் குறித்துவைத்தார். மறுபடி செய்து பார்த்தார்கள், கலன் வெடித்தது. ஆபத்து என்று சோதனையை நிறுத்தினார்கள். அந்த வெள்ளை மெழுகு இரண்டே முக்கால் வருடம் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாகவே கிடந்தது.

1935 டிசம்பரில் மைக்கேல் பெர்ரினும் தோழர்களும் துணிந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவையும் கசிவு. அழுத்தம் குறைந்ததும் வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் எத்திலீனை உள்ளே செலுத்தினார்கள். புதிதாகப் போன அந்த வாயுவில் ஆக்ஸிஜன் ஒரு துளி கலந்திருந்தது. வேதிவினையைத் தூண்ட வேண்டிய அளவு அதுதான். கூடியிருந்தால் வெடித்திருக்கும், குறைந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எட்டு கிராம் வெள்ளைத் தூள் விழுந்தது. அதுதான் பாலித்தீன். கலன் கசியாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அது பிறந்திருக்காது. 1939 செப்டம்பரில் ஆலை முழு உற்பத்தியைத் தொடங்கியது. அதே மாதம் முதல் தேதி ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்திருந்தது. புதுப் பொருள் முழுவதும் ராணுவ ரகசியமாகி, விமான ராடாரின் கம்பிகளைச் சுற்றும் உறையாயிற்று. போர் முடிந்தபோது ஆலைகள் இருந்தன, வாங்க ஆள் இல்லை.

அமெரிக்காவின் கெண்டக்கியில் ஒரு பேராசிரியருக்கு நேர் எதிர்ச் சங்கடம். லெக்ஸிங்டனில் இருந்த பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை கற்பித்த எமரி மையர்ஸ் எம்மெர்ட்டுக்குச் செடிகளைக் குளிரிலிருந்து காப்பாற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு கண்ணாடிக் கூடம் தேவைப்பட்டது. கட்டப் பணம் இல்லை. 1948-இல் அவர் மரச்சட்டம் ஒன்றை அடித்து, அதன்மேல் செலோஃபேன் தாளை இழுத்துக் கட்டினார். மிட்டாய் சுற்றும் அதே தாள். பார்த்தவர்களுக்கு அது கூடாரமாகவும் தெரியவில்லை, கட்டடமாகவும் தெரியவில்லை. செலோஃபேன் ஈரத்தைத் தாங்கும் பொருள் இல்லை. அடுத்து வேறு தாள்களை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். கடைசியில் பாலித்தீன் கைக்கு வந்தது. கிழியாமல் வளைந்தது, ஈரத்தில் ஊறவில்லை, ஒரு ஆள் ஒரு பிற்பகலில் கட்டிவிட முடிந்தது. கண்ணாடியின் எடையைத் தாங்க இரும்புச் சட்டம் தேவைப்பட்டது. இந்தத் தாளுக்கு மெல்லிய மரச்சட்டமே போதும். எம்மெர்ட் அளவுகளோடு செய்முறையை எழுதி வெளியிட்டார், யார் வேண்டுமானாலும் பார்த்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கொல்லையில், கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நிற்கும் பாலித்தீன் பசுமைக்குடில் அன்று அந்த மரச்சட்டத்தில்தான் பிறந்தது. ஓசூரில் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பாலிஹவுஸுக்கும் அதுவே மூதாதை. காசில்லாத ஒரு வாத்தியார் கட்டியது என்பது அதன் கீழே வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகமே. ஆனால் 1950-களில் அதைக் கட்டியவர்கள் எல்லோருக்கும் வேறொன்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

வெயில் தாளைத் தின்றது. சூரியனின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டுப் பாலித்தீன் வெளுத்து, முறுகி, ஒரு பருவம் முடிவதற்குள் விரல் பட்டாலே பிளந்தது. அந்தக் கதிரைத் தடுக்கும் ரசாயனத்தைத் தாளில் கலக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது மூன்று, நான்கு வருடம் தாங்கியது. இன்னொரு குறை அதைவிட மோசம். கண்ணாடி, மண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிரைத் தடுக்கும். வெறும் பாலித்தீன் அதை வெளியே விட்டுவிடும். மேகமில்லாத இரவில் குடிலுக்குள்ளும் வெளியே இருந்த அதே குளிர். 1964-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டு, இடையில் சிறிய விசிறியால் காற்றை ஊதி நிறுத்தினார். தாளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று கம்பளியாயிற்று, அடுப்புச் செலவு கணிசமாகக் குறைந்தது. குறைந்ததே தவிர ஒழியவில்லை. 1973-இல் எண்ணெய் விலை திடீரென்று பல மடங்கு ஏறியபோது, சூடு போட்டுக் காய்கறி வளர்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஒரு கேள்வி அப்போது மேலே வந்தது: நெருப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்கு விடை, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலக் கடற்கரையில் வளர்ந்துகொண்டிருந்தது. ஹெலன் நியரிங், ஸ்காட் நியரிங் என்ற தம்பதி அங்கே கல்சுவர் வைத்து, சூரிய வெப்பம் மட்டுமே நம்பிய குடிலில் குளிர்காலத்தில் கீரை பறித்து உண்டார்கள். 1968-இல் அவர்களைத் தேடி வந்த எலியட் கோல்மேன் என்ற இளைஞருக்குத் தங்கள் நிலத்தில் 60 ஏக்கரைப் பிரித்துக் கொடுத்தார்கள். தாங்கள் வாங்கிய விலையான ஏக்கருக்கு 33 டாலருக்கே கொடுத்தார்கள். காடும் பாறையும் புளித்த மண்ணுமான நிலம். கோல்மேன் மரம் வெட்டி, வேர் பிடுங்கி, எருவும் கடற்பாசியும் போட்டு மண்ணை ஆளாக்கினார். பாரிஸ் தோட்டக்காரர்களின் பழைய நூல்களைத் தேடிப் படித்தார், ஐரோப்பாவுக்கே போய்ப் பார்த்தார். அப்படிப் பார்க்கையில் தேசப்படத்தில் ஒரு கோடு அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

தம் பண்ணை இருந்த 44-ஆம் அட்சரேகை நேரே கிழக்கே போய்த் தென் பிரான்ஸைத் தொட்டது. குளிர்காலத்திலும் தோட்டம் பச்சையாக இருக்கும் பூமி அது. பனியில் புதையும் மெய்னுக்கும் அதற்கும் பகலின் நீளம் ஒன்றேதான். வெளிச்சம் சமமாகக் கிடைத்தது. குறைந்தது சூடு மட்டும். அந்தக் குறையை இரண்டு மூடிகளால் சரிக்கட்ட முடியுமா என்று அவர் பார்த்தார். வெளியே பாலித்தீன் குடில், அதற்குள் பாத்திக்கு மேல் ஓரடி உயரத்தில் கம்பி வளைத்து, மெல்லிய துணி விரிப்பு. ஒவ்வொரு மூடியும் செடியைச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோன கணக்கு. இரவு ஈரம் துணியின் அடிப்பக்கம் துளித்துளியாகப் படிந்து, மண்ணிலிருந்து எழுந்த வெப்பக் கதிரைத் தடுத்து நிறுத்தியது. பாலித்தீனின் பழைய குறையைத் தண்ணீர்த் துளி அடைத்தது. அடுப்பு இல்லை, குழாய் இல்லை. ஆனாலும் முதலில் பல பாத்திகள் வளராமல் அப்படியே நின்றன.

நின்றதற்குக் காரணம் குளிர் இல்லை என்று கண்டுபிடித்ததுதான் கோல்மேனின் பெரிய சாதனை. பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான செடிகள் வளர்வதை நிறுத்திக்கொண்டன. 44-ஆம் அட்சரேகையில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை அப்படித்தான். அந்த மூன்று மாதமும் குடிலில் வளர்ப்பதற்கு இல்லை, பறிப்பதற்கு. ஆகஸ்டு, செப்டம்பரிலேயே விதைத்து, பகல் சுருங்கும் முன் செடியை முக்கால் வளர்ச்சிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதன்பின் குடில், உயிருள்ள காய்கறிக் கிடங்கு. பசலைக்கீரை, மாஷ் கீரை, கேரட், லீக் என்று குளிரைத் தாங்கும் பயிர்களை மட்டும் அவர் தேர்ந்தெடுத்தார். தக்காளியை ஜனவரியில் காய்க்கவைக்கும் ராஜாங்க ஆசையை விட்டொழித்ததும் நெருப்பின் தேவையும் ஒழிந்தது.

காலையில் அந்தக் குடிலுக்குள் நடந்ததைப் பார்த்தவர்கள் முதலில் பயந்துபோனார்கள். விரிப்பைத் தூக்கினால் பசலை இலைகள் உறைந்து, விறைத்து, தரையோடு படுத்துக் கிடந்தன. அப்போது தொட்டுப் பறித்தால் உடைந்து கறுத்துக் கூழாயின. கை வைக்காமல் காத்திருந்தார்கள். பாலித்தீன் வழியே வெயில் ஏறி, பத்து மணி வாக்கில் இலைநுனியில் நீர் துளிர்த்தது. பிறகு இலை பளபளப்பு ஏறி, காம்பு நிமிர்ந்து எழுந்தது. பறிக்கும் நேரம் அதுதான். உறைவதைத் தடுக்கச் செடி தன் சாற்றில் சர்க்கரையை ஏற்றிக்கொண்டது. குளிர் கூடக் கூடக் கீரை இனித்தது. மண்ணுக்குள் இருந்த கேரட் இன்னும் அதிகமாக இனித்தது, பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய்க் கேரட் என்று கேட்டு வாங்கித் தின்னும் அளவுக்கு. 1992-இல் கோல்மேன் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிட்டார். வீட்டுக் கொல்லையில் கம்பி வளைத்துத் தாள் போர்த்துபவர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு பெருகியது. அதே சமயத்தில், அவர் புத்தகத்தைப் பார்த்தே இராத இமயமலைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள்.

லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி சர்வ சாதாரணம். அப்போதெல்லாம் சோஜி லா கணவாய் பனியில் மூடி, லாரிகள் மாதக்கணக்கில் நின்றுவிட்டன. கோடையில் உலர்த்திய கீரையும், குழிக்குள் புதைத்த முள்ளங்கியும் உருளைக்கிழங்குமே குளிர்காலச் சாப்பாடாக இருந்தன. எல்லையில் நின்ற ராணுவ வீரர்களுக்குப் பச்சைக் காய்கறி கொடுக்க வழி தேடிப் பாதுகாப்புத் துறையின் லே ஆய்வுக்கூடம் பல வருடம் உழைத்தது. தரையில் மூன்றடி பள்ளம் வெட்டி மேலே பாலித்தீன் போர்த்திய பள்ளக் குடில்கள் வீடுகளுக்கும் பரவின. லேயின் இடமோ 34-ஆம் அட்சரேகை. மிகக் குறுகிய நாளிலும் பகல் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் நீடிக்கிறது, மேகம் அபூர்வம். மெய்னில் செடிகளை நிறுத்திய இருட்டு இங்கே கிடையாது. சூட்டை இரவு முழுக்கப் பிடித்துவைக்க ஒரு பாத்திரம் கிடைத்தால் போதும்.

அந்தப் பாத்திரம் லடாக் வீடுகளின் மண்கல்லிலேயே இருந்தது. 2000-க்குப் பிறகு பிரான்ஸைச் சேர்ந்த ஜெரெஸ் தொண்டு நிறுவனமும் லடாக் அமைப்புகளும் சேர்ந்து கிராமத்துக் குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த குடிலில் வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் தடித்த மண்கல் சுவர், நடுவே வைக்கோல் அடைப்பு. தெற்கு முகம் முழுக்கச் சாய்வாக இழுத்துக் கட்டிய பாலித்தீன். பகலில் சுவர் வெயிலைக் குடித்தது, இரவில் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்தது. இதே காலத்தில், 2001-இல், கொரியாவில் பழைய நூல்களுக்கிடையே முடங்கிக் கிடந்த ‘சான்கா யோரோக்’ வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று பக்கம் மண்சுவர், தெற்கே வெளிச்சம் விடும் தாள் என்று அரச மருத்துவர் எழுதிய அமைப்பும் லடாக் கொத்தனார்கள் கட்டிக்கொண்டிருந்த அமைப்பும் ஒன்றே. தரைக்கடியில் ஓடிய நெருப்பு மட்டும் இதில் இல்லை.

செப்டம்பரில் விதை விழுகிறது. டிசம்பரில் முதல் பசலைக்கீரை. அதோடு கொத்தமல்லி, வெங்காயத்தாள், முள்ளங்கிக் கீரை. பெரும்பாலும் பெண்கள்தான் குடிலைப் பார்த்துக்கொள்கிறார்கள்: காலையில் கூரையின் காற்றுத் திறப்பைத் திறப்பது, வெயில் சாய்ந்ததும் மூடி மேலே துணிப் படுதாவை இழுத்துவிடுவது. குடும்பத்துக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்து வீடுகளோடு பண்டமாற்றுச் செய்துகொள்கிறார்கள், அல்லது சந்தைக்கு அனுப்புகிறார்கள். குளிர்கால மாதங்களில் பச்சைக் கீரைக்கு லேயில் நல்ல விலை. அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது.